கோபமான வாடிக்கையாளராக நடிப்பவர்

கஸ்டமர் சக்சஸ், அதாவது சந்தா கட்டி மென்பொருள் வாங்கியவர் அதனால் பயன் பெற்று விலகாமல் தொடரும்படி பார்த்துக்கொள்ளும் வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் யாரிடம் பேசினாலும், பேச்சு சற்று நேரத்தில் ஒரே கேள்விக்கு வந்து நிற்கிறது: கோபமாக இருக்கும் வாடிக்கையாளரை எப்படிக் கையாள்வீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? இதற்கு மனப்பாடமான விடை எல்லோரிடமும் இருக்கிறது. குறுக்கிடாமல் கேட்க வேண்டும், வருத்தம் தெரிவிக்க வேண்டும், பிரச்சினையைத் திரும்பச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும், தீர்வுக்கு ஒரு கெடு சொல்லி அந்தக் கெடு தவறாமல் மீண்டும் அழைக்க வேண்டும். விடையில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இந்த வேலைக்கு மாற முயன்ற காலம் முழுவதும், இந்தக் கேள்விக்கு நேர்காணலில் இவ்வளவு இடம் இருப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கோபப்படுகிற வாடிக்கையாளர் நம்மிடம் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார். எதிர்பார்ப்பை விட்டவர் கோபப்படுவதில்லை. அவர் மாதாந்திரக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்துகிறார், நாம் அனுப்பும் நீண்ட மின்னஞ்சலுக்கு ஒரே வரியில் பதில் எழுதுகிறார், சந்தா முடியும் நேரத்தில் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வரச் செய்கிறார். இந்த வேலையில் இருப்பவர் முன்கூட்டியே கண்டுகொள்ள வேண்டியவர் இவர்தான். நேர்காணல் அறைக்குள் இவர் வருவதே இல்லை.

இந்த வேலை ஏன் உருவானது என்று கேட்டால் துறையில் அதிகமாகச் சொல்லப்படுவது 2005இல், வணிக மென்பொருளைச் சந்தா முறையில் விற்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்துக்குள் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றியது. 1999இல் தொடங்கி, 2004இல் பங்குச்சந்தைக்கும் வந்துவிட்ட அந்த நிறுவனம் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அசுர வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் டேவிட் டெம்ப்ஸி என்ற அதிகாரி எடுத்து வைத்த கணக்கோ, மாதம் 8 சதவீத வாடிக்கையாளர்கள் விலகிக்கொண்டிருப்பதைக் காட்டியது. எட்டு என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். நூறு பேருடன் ஆண்டைத் தொடங்கி, மாதந்தோறும் எஞ்சியிருப்பவர்களில் 8 சதவீதத்தைக் கழித்துக்கொண்டே போனால், பன்னிரண்டாவது மாத முடிவில் சுமார் 37 பேர்தான் மிஞ்சுவார்கள். புதிதாக எத்தனை பேரைப் பிடித்துக் கொண்டுவந்தாலும் இந்தக் கசிவை ஈடுகட்டி மாளாது. ‘இந்தப் பொறுப்பு ஏன் தேவை என்று நினைக்கிறீர்கள்?’ என்று நேர்காணலில் கேட்கப்பட்டபோதெல்லாம் நான் இந்தக் கணக்கைத்தான் சொன்னேன், ஏனென்றால் விலகிப்போகும் அந்த 63 பேரில் பெரும்பாலோர் யாரிடமும் சத்தம் போட்டிருக்க மாட்டார்கள் என்று உதவிப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒரே பெயரில் பல வேலைகள்

விண்ணப்பிக்கிறவர்களின் முதல் குழப்பம் கேள்விகளால் வருவதில்லை. ஒரே பதவிப் பெயருக்குள் முற்றிலும் வேறான வேலைகள் இருக்கின்றன. ஒரு நிறுவனத்தில் அது புதிய வாடிக்கையாளருக்கு மென்பொருளை அமைத்துக் கொடுத்துப் பயிற்சி அளிக்கும் ஆன்போர்டிங் வேலை. இன்னொன்றில் சந்தாவைப் புதுப்பிக்க வைத்து, முடிந்தால் கூடுதலாக விற்கவும் வேண்டிய, மாத இலக்குடன் கூடிய விற்பனை வேலை. மூன்றாவதில், டிக்கெட்டுகளுக்கு, அதாவது பதிவாகும் புகார்களுக்கு, பதில் எழுதும் அதே உதவிப் பிரிவுக்கு மரியாதையான ஒரு பெயர். வாடிக்கையாளர் எதற்காக வாங்கினாரோ அது நடக்கிறதா என்று பார்த்து, நடக்காதபோது இரு தரப்பிலும் ஆட்களை அசைத்து நடக்க வைக்கும் வேலை சில இடங்களில்தான் இருக்கிறது. விளம்பரத்தைப் படித்து இவற்றைப் பிரித்தறிய முடிவதில்லை. ஒருவருக்கு எத்தனை வாடிக்கையாளர்கள் என்ற கேள்விதான் எனக்கு வழி காட்டியது. பதினைந்து இருபது என்றால் ஒவ்வொருவரின் தொழிலையும் படிக்க நேரம் இருக்கும். முந்நூறு என்றால், தானாகப் போகும் மின்னஞ்சல்களை அமைத்துவிட்டு, திரையில் எந்த வாடிக்கையாளரின் பெயருக்கு எதிரே சிவப்பு விளக்கு எரிகிறது என்று பார்க்கும் வேலை. அது தரம் குறைந்த வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘வாடிக்கையாளருடன் ஆழமான உறவு’ என்று விளம்பரத்தில் எழுதிவிட்டு இரண்டாம் சுற்றில் முந்நூறு என்று சொல்வது, ஆளைத் தேடும் நிறுவனம் வேலை தேடுபவருக்குச் செய்யும் அநியாயம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், பள்ளி ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தவர், இந்தத் துறைக்கு வர முயன்றுகொண்டிருந்தார். ஏறக்குறைய எல்லா இடங்களிலும் அவரிடம் கேட்டது ஒன்றே: வருவாய் இலக்கு ஏதாவது உங்கள் பொறுப்பில் இருந்திருக்கிறதா? இல்லை என்றதும் பேச்சின் சூடு தணிந்துவிடும். ‘புரிகிறதா?’ என்று கேட்டால் மொத்த வகுப்பும் தலையாட்டும் என்பதும், அந்தத் தலையாட்டலை நம்பி அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது என்பதும் அவருக்குக் கைவந்த கலை. யாருக்குப் புரியவில்லை என்று கண்டுபிடிக்க ‘உனக்குப் புரிகிறதா?’ என்று கேட்பதில் பயனில்லை, நோட்டைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும் என்பார். பயிற்சிக் கூட்டத்தில் இருபது பேர் தலையாட்டிவிட்டு மறுநாள் பழைய விரிதாளுக்கே திரும்பிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு, அவர் சொன்னது இந்த வேலையின் பாதி என்று விளங்கும். அந்தப் பாதியைப் பற்றி அவரிடம் நெடுநாள் வரை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

‘நீங்களே ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்’

என் உறுத்தலுக்கு ஒரு உருவம் கிடைத்தது ஒரு மாதிரிச் சந்திப்பின்போதுதான். இறுதிச் சுற்றுகளில் வழக்கமாக வைக்கும் பயிற்சி அது: நேர்காணல் செய்பவர் வாடிக்கையாளராக நடிப்பார், நாம் அந்நிறுவனத்தின் ஆளாகப் பேச வேண்டும். தயாராக இருபது நிமிடமும் ஒரு பக்கக் குறிப்பும் தந்தார்கள். வாடிக்கையாளர் ஒரு உற்பத்தி நிறுவனம். வாங்கிய உரிமங்கள், அதாவது மென்பொருளைப் பயன்படுத்தக்கூடியவர்களின் எண்ணிக்கை, 200. கடந்த மாதம் ஒரு முறையாவது உள்ளே நுழைந்தவர்கள் 70. தீர்க்கப்படாத புகார்கள் இரண்டு. சந்தா முடிய 90 நாள். வாங்கும் முடிவை எடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், புதிதாக வந்திருக்கும் செயல்பாட்டுத் தலைவர் அதிருப்தியில் இருக்கிறார். அவ்வளவுதான் குறிப்பு.

எதிரே அமர்ந்தவர் நன்றாகவே நடித்தார். குரலை உயர்த்தினார், மேசையைத் தட்டினார். “உங்கள் மென்பொருளால் எங்கள் ஆட்களின் நேரம்தான் வீணாகிறது. அடுத்த ஆண்டுக்கு நான் எதற்காகக் கையெழுத்துப் போட வேண்டும்?” என்றார். நான் இரண்டு புகார்களையும் எடுத்துப் பேசினேன், அவற்றுக்கு யார் பொறுப்பு, எந்த நாளுக்குள் பதில் வரும் என்று சொன்னேன். பிறகு, “இதை வாங்கியபோது ஆறு மாதத்தில் எது மாறியிருக்க வேண்டும் என்று உங்கள் நிறுவனம் நினைத்தது? நீங்கள் அப்போது பொறுப்பில் இல்லை என்பது தெரியும். உங்களுக்கு முன்பிருந்தவர் எழுதி வைத்தது ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?” என்று கேட்டேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெற்றாக இருந்தது. அருகிலிருந்த சக ஊழியரைப் பார்த்துவிட்டு, நடிப்பிலிருந்து வெளியே வந்து சாதாரணக் குரலில், “அது இதில் கொடுக்கப்படவில்லை. நீங்களே ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

அவர் நல்ல மனிதர், கேள்வியை மதித்துத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அந்த வாக்கியம் என் மனத்தை விட்டுப் போகவில்லை. குறிப்பை எழுதியவர்கள் உரிமங்களின் எண்ணிக்கையை யோசித்திருக்கிறார்கள், சந்தா முடியும் நாளை யோசித்திருக்கிறார்கள், வாடிக்கையாளர் எவ்வளவு கோபமாக இருக்க வேண்டும் என்பதையும் யோசித்திருக்கிறார்கள். அவர் இதை எதற்காக வாங்கினார் என்பது மட்டும் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளக்கூடிய வெற்றிடமாக இருந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பாமல் குறிப்பில் இருந்த எந்த எண்ணுக்கும் பொருள் கிடையாது. 200க்கு 70 என்பது நல்லதா கெட்டதா? தொழிற்கூடத்து மேற்பார்வையாளர்கள் 60 பேருக்காக வாங்கி, சலுகை விலை என்று 200 உரிமங்கள் தலையில் கட்டப்பட்டிருந்தால், 70 பேர் பயன்படுத்துவது எதிர்பார்த்ததைவிட அதிகம். அப்போது செய்ய வேண்டியது, உரிமங்களைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது. கடைசித் தொழிலாளி வரை காகிதப் படிவத்தைக் கைவிட வேண்டும் என்பதற்காக வாங்கியிருந்தால், 130 பேர் இன்னும் காகிதத்தில்தான் எழுதுகிறார்கள் என்று பொருள். அப்போது முதல் வேலை தொழிற்கூடத்துக்கே போய், அந்தத் திரையை அவர்கள் எந்த நேரத்தில், எந்தக் கையால், எதன் நடுவே தொட வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது. ஒரே எண், இரண்டு எதிரெதிர் நடவடிக்கைகள்.

நான் இரண்டையும் அவர்கள் முன் வைத்தேன். முதலாவதைச் சொன்னதும், “வருவாயை நீங்களே குறைப்பீர்களா?” என்று சக ஊழியர் கேட்டார். 80 உரிமங்களுக்கு மனம் ஒப்பிக் கையெழுத்திடுபவர் அடுத்த ஆண்டும் இருப்பார், 200க்கு வற்புறுத்தப்பட்டவர் இந்த ஆண்டோடு போய்விடுவார் என்றேன். சில நாட்கள் கழித்து ரிக்ரூட்டர் மூலம் முடிவு வந்தது. சந்திப்பைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவில்லை, வணிக நோக்கு இன்னும் வேண்டும் என்றார்கள். நான் சொன்ன விடையை இன்றும் மாற்றிக்கொள்ள மாட்டேன். புதிதாக வந்திருக்கும் ஒரு செயல்பாட்டுத் தலைவருக்கு, தன் முன்னோடி வாங்கியதை வெட்டித் தள்ளுவது எளிது. தனக்கும் அதில் ஒரு நோக்கம் இருக்கிறது என்று அவர் உணராதவரை, நம் பக்கம் எவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் பயனில்லை.

எண்களைப் பற்றிக் கேட்டவர்கள்

இதற்கு நேர்மாறான அனுபவமும் வாய்த்தது. இன்னொரு நிறுவனத்தில், பிற்பாடு எனக்கு மேலாளரான பெண்மணி, காகிதத்தில் நான்கு எண்களை எழுதி என் பக்கம் தள்ளினார். ஆண்டின் தொடக்கத்தில் இருந்த வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் சந்தா வருவாய் 100. அவர்களில் விலகியவர்களால் போனது 12. குறைத்துக்கொண்டவர்களால் போனது 5. கூடுதலாக வாங்கியவர்களால் வந்தது 20. “இந்த நிறுவனம் நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டார். இழப்பை மட்டும் கழித்தால் நிற்பது 83, துறையில் இதை கிராஸ் ரிட்டென்ஷன் என்பார்கள். கூடுதலாக வந்ததையும் சேர்த்தால் 103, இது நெட் ரிட்டென்ஷன். முதலீட்டாளர்களிடம் காட்டும் தாளில் 103 பெரிய எழுத்தில் இருக்கும். புதிதாக ஒருவரைக்கூடப் பிடிக்காமலே வளர்கிறோம் என்று அது சொல்கிறது. ஆனால் அந்த 20 எத்தனை பேரிடமிருந்து வந்தது என்று நான் திருப்பிக் கேட்டேன். இரண்டு பெரிய வாடிக்கையாளர்களிடமிருந்து மட்டும் வந்திருந்தால், மற்றவர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருப்பதை அந்த இரண்டு பேர் மறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் சிரித்துவிட்டு, “மூன்று பேர்” என்றார். அது அவர்களுடைய சொந்தக் கணக்கு. தம் நிறுவனத்தின் பலவீனத்தை, வேலைக்குச் சேர்வாரா என்றே தெரியாத ஒருவர் முன் எடுத்து வைத்தார். அன்று பேசியதில் முக்கால் பங்கு, போனவர்கள் ஏன் போனார்கள் என்பதைப் பற்றித்தான்.

அடுத்து அவர் கேட்டது மதிப்பெண்ணைப் பற்றி. ‘எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?’ என்ற ஒற்றைக் கேள்விக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் வாங்கும் முறையை 2003இல் ஃபிரெட் ரெய்க்ஹெல்ட் முன்வைத்தார். 9, 10 தருபவர்களை ஆதரவாளர்கள் என்றும் 6க்குக் கீழ்ப்படுபவர்களை, 6 உட்பட, அதிருப்தியாளர்கள் என்றும் வைத்து, முதலாமவரின் சதவீதத்திலிருந்து இரண்டாமவரின் சதவீதத்தைக் கழிப்பார்கள். 9 தந்த ஒருவர் மூன்று மாதத்தில் சந்தாவை ரத்து செய்துவிட்டார், எப்படி நடந்திருக்கும் என்று கேட்டார். மதிப்பெண் தருபவர் பெரும்பாலும் தினமும் பயன்படுத்துபவர், கையெழுத்திடுபவர் வேறொருவர், அந்த வேறொருவரிடம் யாருமே எதையும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று சொன்னேன். என் உதவிப் பிரிவுக் காலத்தில் மிகவும் அன்பாகப் பேசிய வாடிக்கையாளர்கள் பலர் இப்படித்தான் காணாமல் போனார்கள்.

இந்த இரண்டு நேர்காணல்களுக்கும் இடையிலான வேறுபாட்டை அதிர்ஷ்டம் என்று விட்டுவிட மனம் வரவில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்து, பால் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் 2022இல் வெளியிட்ட கட்டுரையில், வேலையில் ஒருவர் எப்படிச் செயல்படுவார் என்பதை முன்கூட்டிச் சொல்வதில் முதலிடம் பெற்றது, கேள்விகளும் மதிப்பிடும் முறையும் முன்பே வகுக்கப்பட்ட நேர்காணல். நேர்காணல் மதிப்பீட்டுக்கும் பிறகு வேலையில் செயல்படும் விதத்துக்கும் உள்ள ஒட்டுறவைக் காட்டும் எண் (0 என்றால் ஒட்டுறவே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) அதற்கு 0.42. போகிற போக்கில் தோன்றியதைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.19. கஸ்டமர் சக்சஸ் நேர்காணல்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் சறுக்கி விழுகின்றன. மனிதர்களோடு பழகும் வேலை என்பதால், ‘பழகிப் பார்த்தாலே தெரிந்துவிடும்’ என்ற நம்பிக்கை மேலாளர்களிடம் ஆழமாக இருக்கிறது. பழகிப் பார்த்துத் தெரிந்துகொள்வது பெரும்பாலும் சிரித்த முகத்தையும் சரளமான பேச்சையும்தான். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கத் தெரிந்த அமைதியான ஆட்கள் அங்கே தோற்றுப்போகிறார்கள்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் 90 நாட்களுக்கான திட்டத்தை, அதுவும் தங்களுடைய உண்மையான ஒரு வாடிக்கையாளரை மனத்தில் வைத்து, தயாரித்து வரச் சொல்கிறார்கள். ஊதியமில்லாத ஒரு வார இறுதி அதில் போகிறது. நண்பர் ஒருவர் அப்படி அனுப்பிய திட்டத்துக்கு நன்றி என்றுகூட ஒரு வரி வரவில்லை. வாடிக்கையாளர் பதிலின்றிக் காத்திருக்கக் கூடாது என்று போதிக்கிற துறை, வேலை தேடி வந்தவரைப் பதிலின்றிக் காக்க வைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அப்படிப்பட்ட பணியை அறைக்குள்ளேயே, ஒரு மணி நேரத்துக்குள், கேள்வி கேட்க எதிரே ஒருவர் இருக்கும்படி வைத்தால் போதும்.

விண்ணப்பிப்பவர்கள் தங்கள் முறை வரும்போது என்ன கேட்கலாம் என்று கேட்டால், நான் ஒன்றை முதலில் சொல்வேன்: அண்மையில் விலகிய ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். “விலை அதிகம் என்றார்கள்” என்று முடித்துவிடுகிற இடத்தில், போனவரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அந்த வாடிக்கையாளரின் தொழில் என்ன, எந்த மாதத்தில் எது சரிந்தது, அதை யார் முதலில் கவனித்தார், கவனித்தவர் சொன்னதை யார் கேட்கவில்லை என்று விவரமாகச் சொல்கிறார்களென்றால், அங்கே சேர்ந்தால் வேலை கற்றுக்கொள்ளலாம். சந்தா புதுப்பிக்கும் பேச்சை யார் நடத்துகிறார், சம்பளத்தின் மாறும் பகுதி எதைப் பொறுத்தது, பொறியாளர்களிடம் ஒரு கோளாறைக் கொண்டுபோனால் எத்தனை நாளில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பவற்றையும் கேட்டுவிடலாம். ஆசிரியராக இருந்த அந்த நண்பர் இந்த முதல் கேள்வியைக் கேட்ட இடத்தில், நேர்காணல் நாற்பது நிமிடம் நீண்டதாம். அங்கேதான் இப்போது இருக்கிறார்.

இப்போது நானும் மேசையின் மறுபக்கத்தில் அமர்கிறேன். நாங்கள் தரும் குறிப்பில் எண்கள் இருக்கும், வாடிக்கையாளர் ஏன் வாங்கினார் என்பது இருக்காது. ஆனால் அதை எதிரே இருப்பவர் அறிந்து வைத்திருப்பார், கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார். அவர் கோபப்படுவதும் இல்லை. எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். இதில் எங்கள் குழுவில் ஒருவருக்கு உடன்பாடில்லை. நிஜத்தில் வாடிக்கையாளர்கள் கத்தத்தான் செய்கிறார்கள், அப்போது குரல் நடுங்காத ஆள் வேண்டும், அதைச் சோதிக்காமல் எடுத்துவிட்டு முதல் கூட்டத்திலேயே ஒருவரை உடைய விடுவது அவருக்கும் நல்லதல்ல என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் அமைதியான சந்திப்பு முடிந்த பிறகு, கடைசிப் பத்து நிமிடத்தை அவருக்கு ஒதுக்கியிருக்கிறோம். மதிப்பெண்ணில் அதற்கு எவ்வளவு பங்கு தருவது என்பதில் இன்னும் எங்களுக்குள் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.